காற்றுப் பிடியில் ஏழு கீறல்கள்

பாலாடை லாரி ஓட்டும் வேலை ஹுல்டா நோவாக் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அல்ல. 1941-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவள் புருஷன் பெர்தோல்டு லாரிக்குப் பின்னால் இருந்த கரி உலையில் நெருப்பு வைத்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து இரண்டு போலீஸ்காரர்கள் வந்து நின்றார்கள். அவன் ஜெர்மன் பாட்டுச் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தவன். அவனுடைய தாத்தாவே இந்த நாட்டு மண்ணில்தான் பிறந்தார் என்பதையெல்லாம் ஜெர்மனியோடு சண்டை நடந்த அந்த வருஷத்தில் காது கொடுத்துக் கேட்பார் இல்லை. கரி பட்ட கையைக் கழுவிக்கொள்ள மட்டும் விட்டார்கள். காரில் ஏறும்போது அவன் பெண்டாட்டியிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

“ரயிலை விட்டுடாத, ஹுல்டா.”

அதன் அர்த்தம் அவளுக்குத் தெரியும். மூன்று வருஷமாக மழை பொய்த்து, கோதுமை கணுக்கால் உயரத்திலேயே கருகிக்கொண்டிருந்தது. பதினாலு பண்ணைகளின் பாலாடைக் கேன்களை வாரத்தில் மூன்று நாள் ஏற்றிக்கொண்டு போய், காலை பத்து இருபது மணி ரயிலில் வெண்ணெய் ஃபாக்டரிக்கு அனுப்பும் அந்த ஒரு வேலையில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது. வெயிலில் பாலாடை ஒரு நாள் தங்கினால் புளித்துப்போகும். ஒரு வருஷத்தில் மூன்று ரயிலைத் தவறவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அதுதான் ஃபாக்டரியின் சட்டம்.

லாரி ஓட்ட அவளுக்குத் தெரியும். ஆனால் பெட்ரோலில் ஓட்டத்தான் தெரியும். சண்டை வந்த பிறகு பெட்ரோல், இன்ஜினை உசுப்பிவிடும் அளவுக்கு ஒரு சொட்டுத்தான் கிடைத்தது. மீதி வழியெல்லாம் கரிவாயுதான். பெட்ரோல் என்றால் தனக்கு வேண்டிய காற்றை இன்ஜினே பார்த்து இழுத்துக்கொள்ளும். கரிவாயு அப்படி இல்லை. உலையில் கரி கனிந்து வருகிற வாயு ஒரு நேரம் கெட்டியாக இருக்கும், ஒரு நேரம் செத்துப்போய் வரும். அதற்குத் தக்கபடி காற்றைக் கலக்க ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு பிடி உண்டு. காற்று கூடினால் இன்ஜின் தும்மும், சக்தி போய்விடும். குறைந்தால் மூச்சுத் திணறி நிற்கும். கடைசிப் பண்ணைக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவே மூன்று மணல் மேடுகள் இருந்தன. கலவை சரியில்லாமல் அவற்றில் ஏறுவது நடக்காத காரியம்.

அந்த வட்டாரத்து ஆண்கள் காற்றுப் பிடியைப் பற்றிப் பேசும்போது குரலையே தாழ்த்திக்கொள்வார்கள். அது காதில் வரவேண்டும், சொல்லிக் கொடுத்து வராது என்பார்கள். ஹுல்டா இரண்டு பேரிடம் கேட்டுப் பார்த்தாள். ஒருவர் சிரித்தார். மற்றவர் லாரியைத் தன் மச்சானுக்கு விற்றுவிடும்படி புத்தி சொன்னார்.

முதல் மாதத்திலேயே இரண்டு ரயில் போய்விட்டது.

பெர்தோல்டை அடைத்து வைத்திருந்த முகாமிலிருந்து அவன் கடிதம் வந்தது. இத்தனை வரிக்கு மேல் எழுதக்கூடாது என்று அவர்களுக்குக் கட்டளை. அவன் அதில் பாதியைக் காற்றுப் பிடிக்கே ஒதுக்கியிருந்தான். ஆனால் கடிதத்தைப் பிரித்துப் பார்த்தவளுக்கு அந்தப் பக்கத்துச் சுவர் தெரிந்தது. “கிளம்பும்போது பிடியை” என்று இருந்தது, அதற்குப் பிறகு சதுரமாக ஒரு ஓட்டை. “முதல் மேட்டுக்கு முன்னால்” என்று இருந்தது, இன்னொரு ஓட்டை. விரல் கணக்கு, அங்குலக் கணக்கு என்று எண் வந்த இடத்தையெல்லாம் ஏதோ சங்கேத பாஷை என்று நினைத்து, முகாம் அதிகாரி பிளேடால் வெட்டி எடுத்திருந்தார். கடைசியில், “இப்படிச் செய்தால் ஒரு குறையும் வராது. கர்த்தர் உன்னோடு இருப்பார்” என்ற வரி மட்டும் முழுசாக இருந்தது.

அவள் அந்தக் காகிதத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பிறகு பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்தாள். அடுத்த சனிக்கிழமை கேன் எதுவும் ஏற்றாமல், லாரியில் மூன்று மூட்டை மணலை மட்டும் போட்டுக்கொண்டு மேட்டுக்குப் போனாள்.

அன்றைக்குக் காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஏறினாள், இறங்கினாள், நின்றாள், கீழே இறங்கி உலைக்குக் காற்று ஊதும் காற்றாடியைக் கையால் சுற்றினாள், மறுபடி ஏறினாள். மத்தியானத்துக்குள் ஒன்று பிடிபட்டது. மேட்டிலிருந்து இறங்கும்போது எல்லாரும் கியரை எடுத்துவிட்டு லாரியை உருளவிடுவார்கள். பெட்ரோல் காலத்துச் சிக்கனம் அது. அப்பன் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது. ஆனால் இன்ஜின் இழுத்தால்தான் கரி உலைக்குள் காற்று போகும், நெருப்பு கனியும். உருளவிட்ட நேரத்தில் உலை ஆறிப்போய், அடுத்த மேட்டின் அடியில் வாயு செத்துப்போகிறது. அப்போது காற்றுப் பிடியை எப்படித் திருகினாலும் பிரயோஜனம் இல்லை. இறங்கும்போதும் கியரிலேயே இறங்கவேண்டும். சமதரையில் இரண்டாம் கியரில் இன்ஜினைக் கதறவிட்டு, உலை நன்றாகக் கனிந்த பிறகு, காற்றைக் கொஞ்சம் அடைத்துக்கொண்டு மேட்டில் கைவைக்கவேண்டும்.

எவ்வளவு நேரம் கதறவிடுவது? அவளிடம் கடிகாரம் இல்லை. காலை ஜெபத்தில் பாடும் பாட்டைப் பாடிப் பார்த்தாள். முதல் மேட்டுக்கு இரண்டு சரணம் போதும். நடு மேடுதான் பெரியது, அதற்கு நாலு சரணமும் வேண்டியிருந்தது. ஜெர்மன் பாஷையில் பாடியது ஸ்டேஷன் பக்கம் கேட்டிருந்தால் வம்பு வந்திருக்கும். லாரிக்குள் இன்ஜின் போட்ட சத்தத்தில் கர்த்தரைத் தவிர யாருக்கும் கேட்டிருக்காது.

பிடிக்கு அடியில் பித்தளைத் தகடு ஒன்று இருந்தது. ஒவ்வொரு இடத்துக்கும் பிடி நிற்கவேண்டிய இடத்தில் ஆணியால் ஒரு கீறல் போட்டாள். கிளம்ப ஒன்று, சமதரைக்கு ஒன்று, மேடு மூன்றுக்கும் மூன்று, கேன் நிறைந்த நாளுக்கு ஒன்று, கரி ஈரமாக இருக்கும் நாளுக்கு ஒன்று. மொத்தம் ஏழு. கரியையும் அவளே சுட்டாள். குட்டை மரத்து வேர்க்கட்டைகளைத் தோண்டி, குழியில் அடுக்கி, தகரம் போட்டு மூடிச் சுட்டு, சல்லடையில் சலித்து, சாக்கில் கட்டினாள்.

அதற்குப் பிறகு இரண்டரை வருஷத்தில் ஒரு ரயிலைக்கூட அவள் விடவில்லை.

ஆண்கள் விட்டுவிடவில்லை. “நோவாக் வீட்டம்மா அடிக்கோல் வச்சு லாரி ஓட்டுது” என்று ஸ்டேஷனில் சிரித்தார்கள். அவர்களில் மூன்று பேருடைய லாரிகள் நடு மேட்டில் நின்றிருந்தபோது, ஹுல்டா அவர்களைத் தாண்டிப் போயிருக்கிறாள். அவள் நிறுத்தி, கட்டி இழுக்கக் கயிறு வேண்டுமா என்று கேட்டிருக்கிறாள். யாரும் வேண்டும் என்று சொன்னதில்லை.

பெர்தோல்டு 1944 பிப்ரவரியில் திரும்பி வந்தான். எலும்பும் தோலுமாக, தலை முக்கால்வாசி நரைத்து வந்தான். அவள் இரண்டு வாரமாகச் சேர்த்து வைத்திருந்த வெண்ணெயையும் சர்க்கரையையும் போட்டு மேலே பொடி தூவிய கேக் சுட்டிருந்தாள். அவன் இரண்டு துண்டு தின்றான், காபி குடித்தான். பிறகு எழுந்து நேரே கொட்டகைக்குப் போனான். லாரியை ஒரு சுற்றுச் சுற்றி, மட்கார்டைத் தடவிக் கொடுத்து, கதவைத் திறந்து உட்கார்ந்தான். முகாமில் ராத்திரிதோறும் கண்ணை மூடிக்கொண்டு இந்த இன்ஜின் சத்தத்தைத்தான் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தானாம். அதைச் சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. ஹுல்டாவுக்கும் கண் நிறைந்தது.

பிறகு தகட்டைப் பார்த்தான்.

“என்ன இது? பள்ளிக்கூடத்துப் பலகையா?”

அவள் விவரம் சொன்னாள். கடிதத்தில் இருந்த ஓட்டைகளைச் சொன்னாள். உள்ளே போய்க் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினாள். இத்தனை நாளும் அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அவன் எழுதிய எண்ணும் தான் போட்ட கீறலும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கவேண்டும்.

“இந்த எடத்துல என்ன எழுதியிருந்த, பெர்தோல்டு?”

அவன் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “யாருக்கு ஞாபகம் இருக்கு? உன் தைரியத்துக்கு எதையாவது எழுதியிருப்பேன்” என்றான்.

மறுநாள் அவள் கோழிக்குத் தீனி போட்டுவிட்டு வந்தபோது, அவன் உப்புத்தாளால் தகட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கோபமாகத் தேய்க்கவில்லை. வீட்டுக்கு வந்தவன் வீட்டைச் சுத்தம் பண்ணுவதுபோல, சந்தோஷமாகச் சீட்டியடித்துக்கொண்டு தேய்த்தான். தகடு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சபையில் போதகர் ஸ்தோத்திரம் செலுத்தினார். சகோதரன் பெர்தோல்டு சிறையிருப்பிலிருந்து திரும்பினதற்காகவும், அவனுடைய வேலையைக் கர்த்தர் அவனுக்காகக் காப்பாற்றி வைத்திருந்ததற்காகவும். வெளியே வந்ததும் பக்கத்துப் பண்ணை லீனா, ஹுல்டாவின் முழங்கையை இடித்தாள்.

“கர்த்தர் நல்லாத்தான் லாரி ஓட்டினாரு. கையெல்லாம் கரியா இருந்திருக்குமே.”

ஹுல்டா சிரித்துவிட்டாள். பிறகு சபை வாசலில் நின்று சிரித்ததற்காக மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை அவன் ஓட்டினான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் மேட்டில் ஒருவழியாக ஏறினான். உச்சியைத் தாண்டியதும் கியரை எடுத்துவிட்டு லாரியை உருளவிட்டான். கியரில் வை என்று அவள் சொன்னாள். இறக்கத்தில் எதற்குக் கியர், இன்ஜினுக்கும் ஓய்வு வேண்டாமா என்றான். நடு மேட்டின் பாதியில் லாரி நின்றது. அவன் பிடியை இப்படியும் அப்படியும் திருகி, தலையைச் சாய்த்து, காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டேயிருந்தான். ரயில் கூவிக்கொண்டு போன சத்தம்தான் காதில் விழுந்தது.

கரி சரியில்லை என்றான். பெண்பிள்ளை சுட்ட கரி அரைவேக்காடு என்றான். புதன்கிழமை அவனே வேறு மூட்டையைப் பொறுக்கி எடுத்துப் போட்டான். அதுவும் அவள் சுட்டதுதான், அதை அவள் சொல்லவில்லை. லாரி முந்தின தடவை நின்ற இடத்துக்கு நாலு முழம் கீழேயே நின்றது. இன்ஜினையே கெடுத்து வைத்திருக்கிறாய், வால்வெல்லாம் தார் பிடித்திருக்கும் என்றான். ஸ்டேஷனில் ஃபாக்டரியின் ஆள் பாஸ்கோ புளித்த கேன்களை மோந்து பார்த்துவிட்டு, இந்த வருஷத்தில் இரண்டு ரயில் என்பதுபோல இரண்டு விரலைக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை. அன்றைக்குக் கிளம்பும்முன் ஹுல்டா அவனிடம் கெஞ்சினாள். இன்றைக்கு ஒரு நாள் தான் ஓட்டுவதாகவும், அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டால் போதும் என்றும் சொன்னாள். அவன் ஸ்டியரிங்கின் பின்னால் ஏறி உட்கார்ந்தான். கிளம்பாத லாரியிலேயே காற்றுப் பிடியை இரண்டு மூன்று தடவை திருகிப் பார்த்துக்கொண்டான். அது கோபம் இல்லை, பயம் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் அவளும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

இறக்கத்தில் மறுபடியும் கியர் விடுபட்டது. சமதரைக்கு வந்தபோது இன்ஜின் தும்ம ஆரம்பித்துவிட்டது. இப்போதும் நேரம் இருந்தது. இரண்டாம் கியருக்கு மாற்றி நாலு சரணம் கதறவிட்டு, காற்றை அடைத்தால் ஏறிவிடும். பளபளவென்றிருந்த தகட்டில் கீறல் இல்லாவிட்டாலும், பிடி நிற்கவேண்டிய இடம் அவள் கைக்குத் தெரியும். அவள் கையை நீட்டிப் பிடியைத் தொட்டாள்.

அவன் அடிக்கவில்லை, திட்டவில்லை. அவள் கையை எடுத்து, நெருப்புக்குப் பக்கத்தில் போன குழந்தையின் கையை எடுத்து வைப்பதுபோல, மெதுவாக அவள் மடியிலேயே வைத்தான். வைத்துவிட்டு இரண்டு தட்டும் தட்டினான்.

லாரி நின்றது.

மத்தியானத்துக்கு மேல் அவர்கள் ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தபோது பாஸ்கோ தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தார். அங்கே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். இரண்டரை வருஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள்தான். பாஸ்கோ சட்டத்தைச் சொன்னார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பெர்தோல்டைப் பார்க்காமல் ஹுல்டாவைப் பார்த்துச் சொன்னார்.

“மிஸஸ் நோவாக், நீங்க ஓட்டுறதா இருந்தா இந்த மூணையும் நான் மேல எழுதப்போறதில்ல. இல்லேன்னா திங்கக்கிழமையிலேர்ந்து வேற லாரி வரும்.”

“நான் வீட்டுல இருக்கும்போது என் பெண்டாட்டி லாரி ஓட்டமாட்டா” என்றான் பெர்தோல்டு.

“நான் அவங்களத்தான் கேட்டேன்.”

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். ஹுல்டா அந்த நேரத்தில் எதை நினைத்தாள் என்று பிற்பாடு லீனா கேட்டிருக்கிறாள். பெருமையை நினைக்கவில்லை, பழிவாங்கவும் நினைக்கவில்லை. வீட்டுத் தொட்டியில் மாவு அரைச் சாக்குத்தான் இருக்கிறது என்று நினைத்தாளாம். ரயிலை விட்டுடாத என்று போலீஸ் காருக்குள்ளிருந்து சொன்ன முகத்தையும் நினைத்தாளாம்.

“ஓட்டுறேன்” என்றாள்.

பெர்தோல்டு அங்கிருந்து வீட்டுக்குப் பதினோரு மைல் நடந்தே வந்தான். அன்றைக்கு அவளோடு பேச்சை நிறுத்தினான்.

பேசுவதில்லை என்றால் முழுக்கப் பேசுவதில்லை என்றும் சொல்ல முடியாது. அவன் ஜெபம் பண்ணுகிறவன். சாப்பாட்டு மேஜையில் கைகோத்து, கண்ணை மூடி, அவளுக்குச் சொல்லவேண்டியதையெல்லாம் ஆண்டவரிடம் சொன்னான். ஆண்டவரே, இந்த ஆகாரத்துக்காக உமக்கு ஸ்தோத்திரம். என் பழுப்புக் கால்சட்டையில் பொத்தான் அறுந்திருப்பதை நீர் அறிவீர். வெள்ளாட்டுப் பட்டியின் கதவைச் சில பேர் தாழ் போடாமல் விடுகிறார்கள், அவர்களுக்கு நல்ல புத்தி தாரும். புருஷன் இருக்கவேண்டிய இடத்தில் ஸ்திரீ உட்காருகிற காலத்தைச் சகித்துக்கொள்ள எனக்குப் பெலன் தாரும். ஆமென்.

எதிரில் உட்கார்ந்து அவளும் ஆமென் சொன்னாள். சொல்லாமல் எப்படி இருப்பது? அது ஜெபம் ஆயிற்றே. பொத்தானைத் தைத்தாள், பட்டியைத் தாழ் போட்டாள். ஆண்டவரைத் தபால்காரராக்கிய வீட்டில் அவரிடம் அழக்கூட அவளுக்குக் கூச்சமாகிவிட்டது. ராத்திரி மண்டியிட்டால் வார்த்தை வராது. லாரியில் சமதரையில் பாடும் நாலு சரணம்தான் அவளுக்கென்று மிஞ்சிய ஜெபம்.

சபை மூப்பர்கள் இரண்டு பேர் வந்து சமாதானம் பேசினார்கள். அவளை மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். எதற்கென்று சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்டாள். பெர்தோல்டு மூப்பர்களைப் பார்த்து, மன்னித்துவிட்டதாகச் சொன்னான். அவர்கள் சந்தோஷமாகக் காபி குடித்துவிட்டுப் போனார்கள். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவன் ஆண்டவரிடம், சூப்பில் உப்புக் கூடியிருப்பதைத் தெரிவித்தான்.

இப்படியே இரண்டரை வருஷம் போயிற்று. சண்டை முடிந்தது. 1946 கடைசியில் பெட்ரோல் பங்கீடு தளர்ந்தது. ஒரு சனிக்கிழமை பெர்தோல்டு ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய், கரி உலையை லாரியிலிருந்து கழற்றி, வேலிக்கு அப்பால் தள்ளினான். குழாயையும், காற்றுப் பிடியையும், பளபளத்த தகட்டையும் அதன் மேலேயே போட்டான். டாங்க் நிறையப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு வந்தான். பாஸ்கோவிடம் முன்னாலேயே பேசியிருந்தான் போலிருக்கிறது. பெட்ரோல் என்றால் யார் ஓட்டினால் என்ன என்று பாஸ்கோவும் சொல்லிவிட்டார். அவர் பேரில் தப்பு இல்லை. அவருக்குப் பாலாடை ரயிலேற வேண்டும், அவ்வளவுதான். யார் ஓட்டினால் என்ன என்பதும் உண்மைதானே. இனிமேல் இன்ஜினே காற்றைப் பார்த்துக்கொள்ளும்.

திங்கட்கிழமை காலை ஹுல்டா தலையில் துணியைக் கட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். அவன் ஏற்கெனவே ஸ்டியரிங்கின் பின்னால் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்துச் சிரித்தான். இரண்டரை வருஷத்துக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்து அவன் சொன்ன முதல் வார்த்தை இது.

“இனிமே உனக்குக் கஷ்டமே இல்ல, ஹுல்டா. நீ வீட்டுல இரு.”

அன்பாகத்தான் சொன்னான். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொல்லியிருந்தால், பதிலுக்கு ஒரு வார்த்தை கிடைத்திருக்கும்.

பண்ணைகளில் கேன்களை ஏற்றிக்கொண்டு லாரி மேட்டுப் பக்கம் போனது. அவள் கிணற்றடியில் நின்று கேட்டாள். முதல் மேட்டில் ஏறியது. உச்சியைத் தாண்டியதும் சத்தம் அடங்கியது. வழக்கம்போலக் கியரை எடுத்துவிட்டு உருளவிடுகிறான். பிறகு மறுபடி சத்தம் எழுந்து, நடு மேட்டில் ஒரு தும்மலும் இல்லாமல் ஏறிப் போயிற்று.

மத்தியானம் அவன் கலகலப்பாக வந்தான். ரயிலுக்கு இருபது நிமிஷம் முன்னாலேயே போய்விட்டானாம். ஸ்டேஷனில் அவளை எல்லாரும் விசாரித்தார்களாம். மேஜையில் உட்கார்ந்து கைகோத்தான். அன்றைய ஜெபம் சின்னதாக இருந்தது. ஆகாரத்துக்காகவும், சமாதானத்துக்காகவும், வீட்டில் எல்லாம் அதனதன் இடத்தில் இருப்பதற்காகவும் ஸ்தோத்திரம் சொன்னான். யாரைப் பற்றியும் ஒரு குறையும் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் காத்திருந்தான்.

ஹுல்டாவின் வாயில் ஆமென் வரவில்லை. வரவழைத்துப் பார்த்தாள், வரவில்லை. அவள் எழுந்து சூப்பை ஊற்றினாள். கர்த்தர் அதைப் பெரிசாக எடுத்துக்கொண்டிருக்கமாட்டார். பெர்தோல்டு கண்ணைத் திறந்து, தட்டைத் தன் பக்கம் இழுத்துச் சாப்பிட ஆரம்பித்தான்.